கோட்டைக்கு வெளியே கோவில் அமைத்த குருவானவர்: புனித ஜூனிப்பெரோ செரா

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்குக் கோடியில், பசுபிக் சமுத்திரக் கரையோரமாக, சான் டியேகோ என்னும் பெருநகர் அமைந்துள்ளது. அந்நகரில் ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கியபடி ஒரு குன்று உண்டு. இன்று அது புல்லும் மரமும் நிறைந்த பூங்கா. அங்கே 1929ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வெள்ளைச் சுவர்களையுடைய அரும்பொருட்சாலை ஒன்றும், பழைய தள ஓடுகளைக் கொண்டு 1913ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட பெரிய சிலுவை ஒன்றும் நிற்கின்றன. மற்றப்படி கண்ணுக்குத் தெரிவது புற்றரை மட்டுமே. ஆனால் அந்தப் புற்றரையின் கீழேதான், ஒரு காலத்தில் ஸ்பானிய மன்னரின் கொடி பறந்த இராணுவக் கோட்டையின் அத்திவாரங்கள் புதைந்து கிடக்கின்றன. இன்றைய ஐக்கிய அமெரிக்காவின் பசுபிக் கரையில் ஐரோப்பியர் முதன்முதலாகக் குடியேறிய இடம் அதுவே.

அந்தக் கோட்டையில் வாளேந்தி நின்ற தளபதிகளின் பெயர்களை இன்று நினைவில் வைத்திருப்போர் சிலரே. உலகம் நினைவில் வைத்திருப்பது, அங்கே வாளின்றி வாழ்ந்த, குட்டையான, நொண்டிக் காலுடைய ஒரு துறவியின் பெயரை. அவரே ஜூனிப்பெரோ செரா அடிகளார். திருச்சபை அவரைப் புனிதர் என்று வணங்குகின்றது. அதே வேளையில், அவர் பெயரைக் கேட்டதும் நெஞ்சு கொதிப்போரும் அந்நாட்டில் இருக்கின்றனர். இவ்விரண்டுக்கும் காரணம் என்ன என்பதை அறிய வேண்டுமாயின், அவர் வாழ்க்கையையும், அந்தக் கோட்டையோடு அவருக்கிருந்த தொடர்பையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

பெத்ரா கிராமத்தின் மகன்

ஸ்பெயின் தேசத்தின் கிழக்கே, மத்தியதரைக் கடலில் மயோர்க்கா என்னும் தீவு உண்டு. அத்தீவின் பெத்ரா என்ற கிராமத்தில் 1713ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 24ஆம் திகதி ஓர் ஏழைக் கமக்காரக் குடும்பத்தில் செரா பிறந்தார். பிறந்த அன்றே ஞானஸ்நானம் பெற்று மிக்கேல் யோசேப் என்று பெயரிடப்பட்டார். தந்தை அந்தோனியோ, தாய் மார்கரீத்தா. கிராமத்திலிருந்த பிரான்சிஸ்குச் சபைத் துறவிகளிடமே சிறுவன் எழுத்தும் பாட்டும் கற்றான்.

பதினாறு வயதில், 1730ஆம் ஆண்டு, பால்மா நகரில் அச்சபையிற் சேர்ந்தார். அடுத்த ஆண்டு வார்த்தைப்பாடு கொடுத்தபோது தமக்கு ஜூனிப்பெரோ என்ற பெயரைத் தெரிந்துகொண்டார். அசிசியாரின் முதற் சீடர்களுள் ஒருவரான, வெள்ளை உள்ளமும் தாழ்ச்சியும் நிறைந்த ஜூனிப்பர் சகோதரரின் பெயர் அது. குருப்பட்டம் பெற்ற பின் இறையியலில் கலாநிதிப் பட்டமும் பெற்று, பால்மாவின் பல்கலைக்கழகத்திலே பேராசானாக அமர்ந்தார். நல்ல பிரசங்கி என்று தீவெங்கும் பெயர் எடுத்தார். பிற்காலத்தில் கலிபோர்ணியாவிலே அவரோடு பாடுபட்ட பிரான்சிஸ்கோ பலோ, யுவான் கிரெஸ்பி ஆகிய இரு குருமாரும் அவரிடம் பயின்ற மாணாக்கரே.

மதிப்பும் வசதியும் நிறைந்த அந்த வாழ்வை அவர் 35ஆம் வயதில் துறந்தார். கிறீஸ்துவை அறியாத மக்களிடம் போதல் வேண்டும் என்ற ஆசை இளமையிலேயே அவர் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது. 1749ஆம் ஆண்டு மெக்சிக்கோவுக்குப் புறப்பட்டபோது பெற்றோர் இருவரும் முதுமையடைந்திருந்தனர். அவர்களிடம் நேரே விடைபெற அவருக்கு மனம் துணியவில்லை. துறைமுகத்திலிருந்து உறவினரான ஒரு துறவிக்குக் கடிதம் எழுதி, தாய் தந்தையரைத் தேற்றும்படி வேண்டிக்கொண்டார். மகனைக் குருத்துவத்துக்குக் கொடுத்த பெற்றோர் பலர் இதை வாசிப்பார்கள். அந்தக் கடிதத்தின் பாரம் அவர்களுக்கு விளங்கும். பெற்றோரை அவர் பின்னர் ஒருபோதும் காணவில்லை.

நடந்து சென்றவர்

1749 டிசம்பரில் வேரக்குருஸ் துறைமுகத்தில் இறங்கிய அவர், மெக்சிக்கோ தலைநகருக்குக் கால்நடையாகவே புறப்பட்டார். குதிரையும் வண்டியும் கிடைத்திருக்கும். ஆனால் சபை ஒழுங்கின்படி நடப்பதே தகும் என்று கருதினார். வழியில் ஏதோ ஒரு பூச்சி கடித்துக் கால் வீங்கியது. அவர் அதைச் சொறியப் புண்ணாயிற்று. அந்தப் புண் சாகும்வரை அவரை விட்டு நீங்கவில்லை. பின்னைய 34 ஆண்டுகளில் அவர் சென்ற நெடுந்தூரப் பயணங்களிற் பெரும்பகுதியும் அந்தக் காலோடு சென்றவையே.

1750 முதல் 1758 வரை சியெரா கோர்தா என்னும் மலைநாட்டில் பாமே மக்களிடையே பணியாற்றினார். அவர்கள் மொழியைக் கற்று, அம்மொழியிலே செபங்களைச் சொல்லிக் கொடுத்தார். பயிர்ச்செய்கையும் நெசவும் கற்பித்தார். ஹால்பான் என்ற ஊரில் அவர் காலத்தில் எழுந்த அழகிய கற்கோவில் இன்றும் நிற்கின்றது. அந்த மலைநாட்டு மிசன் கோவில்கள் ஐந்தும் 2003ஆம் ஆண்டு உலகப் பண்பாட்டுச் செல்வங்களின் வரிசையிற் சேர்க்கப்பட்டன.

1767ஆம் ஆண்டு ஸ்பெயின் மன்னர் மூன்றாம் சாள்ஸ் தமது ஆட்சிப்பரப்பு முழுவதிலிருந்தும் யேசு சபையினரை வெளியேற்றினார். கலிபோர்ணியத் தீபகற்பத்தில் அவர்கள் நடத்திவந்த மிசன்கள் பிரான்சிஸ்குச் சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டன. செரா அடிகளார் அவற்றின் தலைவராக அனுப்பப்பட்டார். அதற்கிடையில் வடக்கேயுள்ள கரைகளை ரஷ்யர் கைப்பற்றிவிடுவார்களோ என்ற அச்சம் ஸ்பானிய அரசுக்கு ஏற்பட்டது. மன்னரின் தூதுவராக வந்திருந்த கால்வெஸ் என்பவர் அக்கரையை உடனே பிடிக்கத் திட்டமிட்டார். அரசுக்கு வேண்டியது நிலம். செராவுக்கு வேண்டியவை ஆன்மாக்கள். இரு நோக்கங்களும் ஒரே படகில் ஏறின. பின்னர் வந்த துன்பங்களுக்கெல்லாம் வித்து அங்கேதான் விழுந்தது.

குன்றின் மேல் கோட்டை

1769ஆம் ஆண்டு இரு கப்பல்கள் கடல்வழியாகவும், இரு அணிகள் தரைவழியாகவும் புறப்பட்டன. செரா தளபதி போர்த்தொலாவுடன் தரைவழியே சென்றார். வழியிற் காற்புண் முற்றி நிற்கவும் முடியாத நிலை வந்தது. திரும்பிப் போகும்படி தளபதி சொன்னார், அவர் மறுத்துவிட்டார். தம்மைத் தூக்கிச் செல்லும் பாரத்தைப் பூர்வீக மக்களின் தோளில் ஏற்றவும் அவர் விரும்பவில்லை. கோவேறு கழுதைகளைப் பராமரிக்கும் ஒருவனை அழைத்து, விலங்குகளின் புண்ணுக்கு இடும் மருந்தையே தமக்கும் இடும்படி கேட்டார். அவன் கொழுப்பையும் பச்சிலையையும் சேர்த்துக் காய்ச்சிக் கட்டினான். மறுநாட் காலையில் அடிகளார் பூசை செய்து பயணத்தைத் தொடர்ந்தார்.

யூலை மாதம் முதலாந் திகதி சான் டியேகோவை அடைந்தபோது அங்கே கண்டது பரிதாபமான காட்சி. புதிய காய்கனியின்றி நெடுநாட் கடலில் வந்தவர்கள், முரசு வீங்கி இரத்தம் கசியும் நோயினால் ஒருவர் பின் ஒருவராக மாண்டுகொண்டிருந்தனர். 1769 யூலை 16ஆம் திகதி, குன்றின் மேல் சிலுவை நாட்டித் திருப்பலி ஒப்புக்கொடுத்து, சான் டியேகோ மிசனை அடிகளார் தொடங்கிவைத்தார். கோவில் ஓலையும் தடியுங் கொண்ட குடிசை. அதைச் சுற்றிப் படையாட்களின் குடிசைகள். கோட்டையும் கோவிலும் ஒரே குன்றில், ஒரே வேலிக்குள் ஆரம்பித்தன.

குன்றின் அடியில் குமேயாய் மக்களின் கோசோய் என்னும் ஊர் இருந்தது. தங்கள் மண்ணிலே கேளாமல் வந்து குந்திய அந்நியரை அவர்கள் ஐயத்துடன் நோக்கினர். ஓகஸ்ட் 15ஆம் திகதி, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, கைகலப்பு மூண்டது. அடிகளாருக்குப் பணிவிடை செய்த இளைஞன் அம்பு தைத்து அவர் காலடியிலேயே வீழ்ந்து இறந்தான். குமேயாய் மக்களிலும் சிலர் துவக்குச் சூட்டுக்குப் பலியாயினர்.

முதலாண்டில் ஒருவர்கூட அங்கே ஞானஸ்நானம் பெறவில்லை. ஒருமுறை ஒரு குழந்தையைக் கொண்டுவந்தனர். அடிகளார் மகிழ்ச்சி பொங்கத் தண்ணீரை எடுத்து ஊற்றப்போன கணத்தில், உறவினர் குழந்தையைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டனர். அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், தமது பாவமே அதற்குக் காரணம் என்று அவர் கண்ணீர் விட்டார் என்று பலோ எழுதியுள்ளார்.

உணவும் முடிந்துகொண்டிருந்தது. மொன்டெரே துறைமுகத்தைத் தேடி வடக்கே போன தளபதி, அதைக் காணாமல் திரும்பிவந்தார். 1770 மார்ச் 19ஆம் திகதி, புனித சூசையப்பர் திருநாளுக்குள் கப்பல் வராவிட்டால் எல்லோரும் மெக்சிக்கோவுக்குத் திரும்புவது என்று அவர் முடிவு செய்தார். அடிகளார் சூசையப்பருக்கு நவநாள் தொடங்கினார். திருநாளன்று பிற்பகலில் தொலைவிலே ஒரு பாய் தெரிந்தது. சில நாட்களில் கப்பல் துறையை அடைந்தது. சான் டியேகோ பிழைத்தது. அவ்வாண்டு யூன் 3ஆம் திகதி மொன்டெரேயிலும் ஒரு கோட்டையும் ஒரு மிசனும் எழுந்தன.

கோட்டையை விட்டு விலகுதல்

ஓராண்டு கோட்டைக்குள் வாழ்ந்ததும் அடிகளார் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். பகலிலே குருவானவர் பத்துக் கற்பனைகளைக் கற்பிக்கின்றார். இரவிலே அவரோடு வந்த கிறிஸ்தவப் படைவீரன் அவற்றை மிதிக்கின்றான். ஊர்ப் பெண்கள் படையாட்களால் மானபங்கப்படுத்தப்பட்டனர். சான் கபிரியேல் மிசனில் ஊர்த் தலைவனின் மனைவியை ஒரு படைவீரன் கெடுத்தான். நியாயம் கேட்டு வந்த தலைவன் கொல்லப்பட்டு, அவன் தலை கம்பிற் குத்தி வைக்கப்பட்டது. இத்தகையவர்கள் கொண்டுவந்த சமயத்தை அந்த மக்கள் எப்படி நம்புவார்கள்?

1771ஆம் ஆண்டு அவர் மொன்டெரே மிசனைக் கோட்டையிலிருந்து எடுத்து, ஏறக்குறைய ஐந்து மைல் தள்ளியிருந்த கார்மெல் ஆற்றங்கரையில் அமைத்தார். நல்ல நீரும் விளைநிலமும் அங்கே இருந்தன என்பது ஒரு காரணம். படையாட்களிடமிருந்து புதுக்கிறிஸ்தவர்களைக் காப்பது மற்றக் காரணம். சான் டியேகோவில் பணியாற்றிய லூயிஸ் ஹைமே என்ற இளங்குருவும் மயோர்க்காத் தீவினரே. அவர் குமேயாய் மொழியைக் கற்றவர். படையாட்களின் அட்டூழியங்களை மேலிடத்துக்கு விரிவாக எழுதி அனுப்பியவர். அவரும் 1774 ஓகஸ்டில் சான் டியேகோ மிசனைக் குன்றிலிருந்து ஆறு மைல் உள்ளே கொண்டுபோனார். கோட்டை மட்டும் குன்றில் நின்றது.

இதற்கிடையில் செரா அடிகளார் மற்றொரு துணிவான செயலும் செய்தார். அப்போதைய தளபதி பாகெஸ் அவர் முறைப்பாடுகளுக்குச் செவிகொடுக்கவில்லை. ஆகவே 1772இன் இறுதியில், 58 வயதில், நோயுற்ற காலோடு கடலும் தரையுமாகப் பயணஞ் செய்து மெக்சிக்கோ தலைநகரை நோக்கிச் சென்றார். வழியிலே காய்ச்சல் கண்டு சாவின் வாயில்வரை போய் மீண்டார். 1773 மார்ச் மாதம் இராசப்பிரதிநிதி புக்கரேலியிடம் 32 அம்சங்கள் கொண்ட விண்ணப்பமொன்றைச் சமர்ப்பித்தார். தீய நடத்தையுள்ள படையாட்களைக் குருமார் கேட்டவுடன் மிசன்களிலிருந்து அகற்ற வேண்டும், தளபதியை மாற்ற வேண்டும், ஞானஸ்நானம் பெற்ற பூர்வீக மக்களைப் பராமரிப்பதும் திருத்துவதும் குருமாரின் பொறுப்பாக இருக்க வேண்டும் என்பன அவற்றுட் சில. பெரும்பாலானவை ஏற்றுக்கொள்ளப்பட்டன. பாகெஸ் நீக்கப்பட்டு ரிவேரா என்பவர் தளபதியானார்.

அந்த மூன்றாவது கோரிக்கையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்று அது படையாட்களின் கையிலிருந்து மக்களைக் காக்கும் கேடயமாகத் தோன்றியது. பின்னர் அதுவே குருமாரின் கையிலே பெரும் அதிகாரத்தைக் கொடுத்தது.

இரத்தம் சிந்திய இரவு

1775 நவம்பர் 4ஆம் திகதி நள்ளிரவு கடந்த வேளை. சான் டியேகோ மிசனைக் குமேயாய் மக்கள் சூழ்ந்துகொண்டனர். அறுநூறு பேருக்கும் அதிகம் என்று அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. ஒரு மாதத்துக்கு முன்தான் ஏறக்குறைய 60 பேர் அங்கு ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். மிசன் இவ்வாறு வளர்வதைக் கண்ட ஊர்த் தலைவர்கள் அஞ்சினர். படையாட்கள் செய்த கொடுமைகளும் அவர்கள் நெஞ்சில் நெருப்பாய்க் கிடந்தன. ஞானஸ்நானம் பெற்றிருந்த சிலரும் அவர்களோடு சேர்ந்தனர். ஓலைக் கூரைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. ஹைமே அடிகளார் ஆயுதமெதுவுமின்றி அவர்களை நோக்கி நடந்து சென்று, அன்போடு வாழ்த்துக் கூறினார். அவர்கள் அவரை ஓடைக்கரைக்கு இழுத்துச் சென்று கொன்றனர். அவருக்கு வயது 35. மறுநாள் உடலைக் கண்டெடுத்தபோது, பூசை செய்த கைகள் மட்டும் சிதையாமல் இருந்தன என்று பலோ எழுதியுள்ளார். ஒரு கொல்லனும் ஒரு தச்சனும் அத்தாக்குதலில் உயிரிழந்தனர். ஆறு மைல் தள்ளியிருந்த கோட்டையில் எவருக்கும் எதுவும் கேட்கவில்லை.

செய்தி கார்மெலை அடைய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. தம் ஊரவரும் தம் மகன் போன்றவருமான ஹைமேயின் மரணச் செய்தி கேட்ட செரா, வேதசாட்சியின் இரத்தம் விழுந்த நிலம் இனிப் பலன் தரும் என்று இறைவனுக்கு நன்றி கூறினார். அதன்பின் அவர் செய்ததே அவர் வாழ்வின் மிகப் பெரிய செயல் என்பது எமது எண்ணம்.

டிசம்பர் 15ஆம் திகதி அவர் இராசப்பிரதிநிதிக்குக் கடிதம் எழுதினார். குற்றவாளிகளைக் கொல்ல வேண்டாம் என்று மன்றாடினார். குருவானவர் உயிரோடிருக்கும்போது அவரைக் காப்பது படையின் கடமை. அவர் இறந்தபின் போர் தொடுப்பதால் யாருக்கு என்ன நன்மை என்று கேட்டார். கொன்றவனும் உயிர் பிழைத்து மீட்படைய வேண்டும், அதற்காகவே நாங்கள் இங்கு வந்தோம் என்று விளக்கினார். தாம் பூர்வீக மக்களால் கொல்லப்பட்டாலும் கொன்றவர்களை மன்னிக்க வேண்டும் என்று முன்னரே கேட்டுக்கொண்டதையும் நினைவூட்டினார்.

தளபதி ரிவேராவோ வேறு வழியில் சென்றார். சந்தேகத்துக்கிடமானவர்களைப் பிடித்துக் கசையடி கொடுத்தார். கலகத்தில் முன்னின்ற கார்லோஸ் என்னும் ஞானஸ்நானம் பெற்ற மனிதன், 1776 மார்ச்சில் மனம் வருந்தி வந்து, கோட்டைக்குள் கோவிலாகப் பயன்பட்ட கட்டிடத்திலே அடைக்கலம் புகுந்தான். கோவிலில் அடைக்கலம் புகுந்தவனைத் தொடக்கூடாது என்பது அக்காலத் திருச்சபைச் சட்டம். புஸ்தர் என்ற குருவானவர் தடுத்தும் ரிவேரா வாளோடு உள்ளே புகுந்து அவனை இழுத்துச் சென்றார். ஹைமே இறந்த இரவிலே மயிரிழையில் உயிர் தப்பியவர் அந்தப் புஸ்தர் அடிகளார். கோட்டைச் சுவருக்குள், துவக்குகளின் நடுவே நின்றுகொண்டு, தமது தோழரைக் கொன்ற கூட்டத்தைச் சேர்ந்த ஒருவனுக்காக, அவர் அத்தளபதியைத் திருச்சபைக்குப் புறம்பாக்கினார். ரிவேரா மொன்டெரேக்குச் சென்று செராவிடம் முறையிட்டார். அந்த மனிதனைக் கோவிலுக்குத் திருப்பிக் கொடுக்கும்வரை பாவவிலக்கு இல்லை என்று செரா உறுதியாக நின்றார். இறுதியில் தளபதி பணிய வேண்டியதாயிற்று.

அவ்வாண்டு யூலையில் அடிகளார் தாமே சான் டியேகோவுக்கு வந்து, எரிந்த மிசனைத் திரும்பக் கட்டத் தொடங்கினார். மறுபடியும் தாக்குதல் வரும் என்ற வதந்தியை நம்பித் தளபதி வேலையை நிறுத்தினார். செப்டெம்பர் இறுதியில் புக்கரேலியின் கட்டளை வந்தது. மிசனைக் கட்ட வேண்டும், சிறைப்பட்டோரிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. அடிகளார் மகிழ்ச்சியோடு மணிகளை ஒலிக்கச் செய்தார்.

நீங்காத நிழல்

வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் நம் மனம் நிறைவடைந்திருக்கும். ஆனால் உண்மை முழுவதையும் சொல்லுதல் வேண்டும்.

கோவில் கோட்டையை விட்டு ஆறு மைல் தள்ளிப் போயிற்று. ஆனால் கோட்டையின்றி அதனால் வாழ முடியவில்லை. ஞானஸ்நானம் பெற்றவர்கள் மிசனிலேயே வாழ வேண்டும், அனுமதியின்றித் தம் ஊருக்குத் திரும்பக்கூடாது என்பது அன்றைய ஒழுங்கு. ஓடிப்போனவர்களைப் பிடித்துவரப் படையாட்கள் வேண்டும். பிடிபட்டவருக்குக் கசையடி உண்டு. 1775 யூலையில், ஓடிப்போய்ப் பிடிபட்ட சிலரைச் செராவே கோட்டைக்கு அனுப்பிக் கசையடி கொடுக்கும்படி ரிவேராவைக் கேட்டுள்ளார். கொலைகாரருக்காக மன்றாடிய அதே கைதான் அந்தக் கடிதத்தையும் எழுதியது. இரண்டுக்கும் இடையில் ஐந்து மாதமே.

அவர் பூர்வீக மக்களைப் பிள்ளைகளாக எண்ணினார். தந்தை பிள்ளையை அடித்துத் திருத்தலாம் என்பது அவர் பிறந்த ஊரிலும் காலத்திலும் எல்லோரும் ஏற்றுக்கொண்ட கொள்கை. தம் உடலையே கசையால் அடித்துக்கொண்டவர் அவர். ஆயினும், பெண்டிர் பிள்ளைகளோடு தம் நாட்டைத் தாமே ஆண்டு வாழ்ந்த வளர்ந்த மனிதர்கள் எவருக்கும் குழந்தைகள் அல்லர். தேசாதிபதி நேவே இதுபற்றிக் கேள்வி எழுப்பியபோது, 1780ஆம் ஆண்டு எழுதிய கடிதத்தில், இவ்வழக்கத்தை நியாயப்படுத்திய செரா, சில குருமார் தண்டனையில் அளவு மீறியிருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொண்டுள்ளார்.

கசையிலும் கொடியது நோய். ஐரோப்பியரோடு வந்த நோய்களைத் தாங்கும் சக்தி அந்த மக்களின் உடலுக்கு இருக்கவில்லை. நெருக்கமாக வாழ்ந்த மிசன்களிலே பிறப்பிலும் இறப்பே மிகுந்தது. 1769ஆம் ஆண்டு கலிபோர்ணியாவில் ஏறக்குறைய 3 இலட்சம் பூர்வீக மக்கள் வாழ்ந்தனர் என்பது ஆய்வாளர் கணிப்பு. மிசன் காலம் முடியுமுன் கரையோரத்து ஊர்கள் பல வெறுமையாகிவிட்டன. இதை எவரும் விரும்பிச் செய்யவில்லை என்பது உண்மை. இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு அது ஆறுதல் ஆகாது என்பதும் உண்மையே.

கார்மெலில் இறுதி நாள்

செரா அடிகளார் காலத்தில் ஒன்பது மிசன்கள் எழுந்தன. உறுதிபூசுதல் வழங்கும் அதிகாரம் பாப்பரசரிடமிருந்து கிடைத்தபின், மிசன்தோறும் சென்று 5,300க்கும் மேற்பட்டோருக்கு அத்திருவருட்சாதனத்தை வழங்கினார். 1782ஆம் ஆண்டு சாந்தா பார்பரா கோட்டை எழுந்தபோது அங்கும் சென்று சிலுவையை ஆசீர்வதித்தார். மிசனும் அங்கே உடனே அமையும் என்று எதிர்பார்த்தார். தேசாதிபதி அனுமதிக்கவில்லை. அவர் இறந்து இரண்டு ஆண்டுகளின் பின்னரே அந்த மிசன் எழுந்தது.

1784 ஓகஸ்டில் மார்பு நோய் முற்றியது. பழைய மாணாக்கரான பலோ அடிகளார் அருகே வந்திருந்தார். மரண வேளையின் திவ்விய நற்கருணையை அறைக்குக் கொண்டுவர அவர் விடவில்லை. தாமே கோவிலுக்கு நடந்துசென்று முழந்தாளில் நின்று பெற்றுக்கொண்டார். கோட்டையின் தச்சனை அழைத்துத் தமக்குப் பெட்டி செய்யும்படி சொன்னார். ஓகஸ்ட் 28ஆம் திகதி, தமது 70ஆம் வயதில், கட்டிலில் உறங்குவதுபோல் உயிர் நீத்தார். மொன்டெரேக் கோட்டையிலும் துறைமுகத்துக் கப்பலிலும் பீரங்கிகள் முழங்கின. மிசன் மக்கள் பூக்கொத்துக்களைக் கொண்டுவந்து உடலைச் சுற்றி வைத்து அழுதனர். வாழ்நாளெல்லாம் கோட்டையோடு போராடியவருக்குக் கோட்டை மரியாதை செலுத்தியது. கார்மெல் கோவிலின் பீடத்தருகே அவர் துயில்கின்றார்.

பீடத்தின் மகிமையும் வீழ்ந்த சிலைகளும்

1988 செப்டெம்பர் 25ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 செப்டெம்பர் 23ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் வாஷிங்டன் நகரில் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மண்ணிலே நடந்த முதலாவது புனிதர் பட்டமளிப்பு அதுவே. அத்திருப்பலியின் முதலாம் வாசகம் கலிபோர்ணியப் பூர்வீக மொழியாகிய சொச்சென்யோவில் வாசிக்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், யூலையில், பொலிவியாவில் பேசிய அதே பாப்பரசர், அமெரிக்கக் கண்டத்தைப் பிடித்தடக்கிய காலத்தில் பூர்வீக மக்களுக்கு எதிராகத் திருச்சபை செய்த பாவங்களுக்குத் தாழ்மையோடு மன்னிப்புக் கேட்டிருந்தார். 2020ஆம் ஆண்டு யூன், யூலை மாதங்களில் சான் பிரான்சிஸ்கோ, லொஸ் ஏஞ்சலிஸ், சக்கரமென்டோ நகரங்களில் நின்ற செராவின் சிலைகளைப் போராட்டக்காரர் இழுத்து வீழ்த்தினர்.

செரா புனிதராக்கப்பட்ட அதே 2015ஆம் ஆண்டில், ஜனவரி 14ஆம் திகதி, அதே பாப்பரசர் கொழும்பு மாநகரில் நமது நாட்டின் அப்போஸ்தலராகிய யோசேவாஸ் முனிவரையும் புனிதராக அறிவித்தார். இருவரும் மறைபரப்பாளரே. ஆனால் யோசேவாஸ் முனிவர் 1687ஆம் ஆண்டு இந்நாட்டுக்கு வந்தபோது கோட்டைகள் அவருக்கு எதிராக நின்றன. ஒல்லாந்தரின் தடைக்கு நடுவே கூலியாளைப்போல் வேடம் பூண்டு, பசியோடு வந்தார். அவரிடம் எவரையும் கட்டாயப்படுத்தும் சக்தி இருக்கவில்லை; ஆகவே எவருக்கும் அவர்மேல் அச்சமும் இருக்கவில்லை. கோட்டையும் கோவிலும் சேர்ந்து வந்த போர்த்துக்கேயர் காலத்தையும், கோட்டையின்றி விசுவாசம் தழைத்த ஒல்லாந்தர் காலத்தையும் கண்ட நம் மக்களுக்கு இந்த வேறுபாட்டை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அப்படியாயின் செராவை நாம் எப்படி நினைவுகூருவது? குறையற்ற மனிதர் என்றல்ல. புனிதர் என்றால் தம் காலத்தின் குருட்டுத்தன்மை முழுவதிலிருந்தும் விடுபட்டவர் என்று திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை. வீட்டையும் புகழையும் துறந்து, புண்பட்ட காலோடு, அறியாத மக்களைத் தேடிச் சென்ற அன்பு மெய்யானது. படையாட்களின் அக்கிரமத்தைக் கண்டு வாளாவிருக்காமல் கோவிலையே பெயர்த்துக்கொண்டு போன துணிவு மெய்யானது. தம் மைந்தனைப் போன்றவரைக் கொன்றவர்களுக்காக மன்றாடிய மன்னிப்பு மெய்யானது. அதே போல, அவர் உருவாக்கிய ஒழுங்கின் கீழ் கசையடிபட்டு, தாயகம் இழந்து மாண்ட மக்களின் கண்ணீரும் மெய்யானதே. முன்னையதைச் சொல்லிப் பின்னையதை மறைப்பதும், பின்னையதைச் சொல்லி முன்னையதை அழிப்பதும் சத்தியத்துக்குப் பொருந்தா.

அந்தச் சான் டியேகோக் கோட்டையை எவரும் போரிட்டு இடிக்கவில்லை. காவற்படை கலைந்தபின் வெயிலில் உலர்ந்த அதன் மண்கற்சுவர்கள் மழையிற் கரைந்தன. எஞ்சிய ஓடுகளையும் மரங்களையும் ஊரார் எடுத்துப்போய்த் தங்கள் வீடுகளைக் கட்டிக்கொண்டனர். ஹைமே அடிகளார் ஆறு மைல் தள்ளிக் கொண்டுபோன மிசனோ இன்றும் ஒரு பங்குக் கோவில். அங்கே ஞாயிறுதோறும் குடும்பங்கள் திருப்பலிக்குக் கூடுகின்றன. அவர் உடலும் அக்கோவிலின் பீடத்தருகே இளைப்பாறுகின்றது.

நம் வீடுகளிலும் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கொடுக்கின்றோம். அதிகாரத்தாலும் அடியாலும் கொடுப்பது எளிது. அது கோட்டை வழி. அன்பாலும் முன்மாதிரியாலும், மன்னிப்பாலும் கொடுப்பது கடினம். செரா அடிகளார் இரண்டு வழிகளிலும் நடந்தார். எந்த வழி நிலைத்தது என்பதை அந்தக் குன்றிலே பார்க்கலாம்.